குட்டி கடித்த விரல்

என் நாத்தனார் மெரியானாவுக்கு என் கணவர் தன் கிட்னி ஒன்றைக் கொடுக்கப்போகிறார் என்ற செய்தி, எங்கள் சொந்தக்காரர்களிலேயே எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. எங்கள் இனத்தார் கூடுகிற பொதுக்கூடமான மராயில் குடும்பம் மொத்தமும் கூடியிருந்தது. என் கணவர் பிரிபி எழுந்து நின்று, தங்கச்சிக்குத் தான் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் பின்னால் சமையல் கூடத்தில் எல்லாருக்கும் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். அவருடைய பெரியம்மா ஒருத்தி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து நானும் அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை போட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றேன். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றா சொல்லியிருப்பாய் என்றார். சொல்லியிருக்க மாட்டேன்தான். "அப்புறம் எதுக்குக் கேக்கணும்?" என்று பூட்ஸைக் கழற்றப் போய்விட்டார். இந்த மனிதரோடு இப்படித்தான் குடித்தனம்.

மெரியானா அவரைவிட ரொம்பச் சின்னவள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவளுக்குத் தலைசீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் இவர்தான். எங்கள் ஊரான வைரோவா பக்கத்தில் செம்மறிக்கு ரோமம் கத்தரிக்கும் கோஷ்டிகளில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. கத்தரிப்பவன் காலடியில் விழும் ரோமத்தை ஒரே அள்ளில் அள்ளி, மேசைமேல் போர்வை விரிக்கிற மாதிரி வீசி விரிப்பாள். அழுக்கு ஓரத்தைப் பிய்த்துத் தள்ளிவிட்டு அடுத்த ஆட்டுக்கு வந்து நிற்பாள். வாய் ஓயாது. "என்ன மாமா, ஆட்டைக் கத்தரிக்கிறீங்களா, தூங்கவைக்கிறீங்களா?" என்று கேட்டுக் கேட்டே கிழவர்களைக்கூட வேகமாக வேலை வாங்கிவிடுவாள்.

சர்க்கரை வியாதி அந்தக் குடும்பத்தின் ரத்தத்திலேயே இருக்கிறது. நாற்பதைத் தொடும் முன்பே அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. ஹேஸ்டிங்ஸ் நகரத்துக்குப் போய், ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினில் படுத்துக் கிடந்துவிட்டு வருவாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அந்த வளைந்து வளைந்து போகிற சாலைதான் அவளுக்கு வாழ்க்கை. முகம் சாம்பல் பூத்துப்போனது. கிண்டல் நின்றுபோனது. கட்டினவன் ஆஸ்திரேலியாவுக்குச் சுரங்க வேலைக்கென்று போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் பிரிபி மராயில் எழுந்து நின்றார்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மெரியானா ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, நான் இன்னிக்கு ஒண்ணுக்குப் போனேன்" என்றாள்.

மெஷினில் இருந்த காலம் முழுக்க அவளுக்கு அது கிடையாது. இரண்டு பேரும் போனிலேயே சிரித்தோம், அழுதோம். அவளுக்குப் பக்கத்து வார்டில் படுத்திருந்த பிரிபியிடம் நான் போனில் சொன்னபோது, "என் கிட்னி ஆச்சே, இனிமே அவளுக்கும் பீர் ஆசை வரும் பாரு" என்றார்.

அப்புறம் அவள் எங்கள் வீட்டுப் பின்னறைக்கே வந்துவிட்டாள். வேறு ஆளுடைய கிட்னியை உடம்பு எதிரி என்று நினைத்து அடிக்காமல் இருக்க, காலையும் மாலையும் மாத்திரை. உடம்பின் காவல்காரனுக்குத் தூக்க மருந்து கொடுக்கிற மாதிரி என்று கிட்னி நர்ஸ் சொல்லியிருந்தாள். காவல்காரன் தூங்குகிறான், ஆகவே நீதான் கதவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பச்சைச் சிப்பி சாப்பிடக்கூடாது. வெயிலில் நிற்கக்கூடாது. மண்ணைக் கிளறக்கூடாது. ஆட்டுக் கொட்டகைப் பக்கமே போகக்கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் அவளைக் குத்தியது. கொட்டகையில் பிறந்து வளர்ந்தவள் மாதிரி இருந்தவளை ஜன்னலோரம் உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? ஆனாலும் ஒரு வருஷத்துக்கு மேல் சொன்னபடியே இருந்தாள். முகத்தில் ரத்தம் ஏறியது. என் சமையலைக் கிண்டல் பண்ணத் தொடங்கினாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அடுத்த ஆகஸ்டில், எங்கள் பக்கம் குளிர்காலம் முடிந்து ஆடுகள் குட்டி போடுகிற நேரம் பார்த்து, தெற்கிலிருந்து குளிர்காற்றும் மழையும் அடித்தது. மேட்டு வயல்களில் தாய் ஆடுகள் சரிந்து கிடந்தன. பிரிபி தாயில்லாக் குட்டிகளைக் கோட்டுக்குள் போட்டுக் கொண்டுவந்து கொட்டகையில் சேர்த்துக்கொண்டே இருந்தார். கிட்னி எடுத்த தழும்புக்குப் பக்கத்தில் அவருக்குக் குடல் இறங்கியிருந்தது. குனிந்து நிமிர்ந்தால் முகம் சுருங்கும். நான் வைரோவாவில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். அந்த வாரம் பாதிப் பேர் வரவில்லை, என்னை விடவில்லை. மூன்றாம் நாள் நான் வீடு திரும்பியபோது மெரியானா கொட்டகையில் இருந்தாள். இரண்டு கையிலும் பால்புட்டி, மடியில் ஒரு குட்டி, காலைச் சுற்றிப் பத்துப் பதினைந்து.

உன்னை யார் இங்கே வரச்சொன்னது என்று கத்தினேன்.

"குட்டிங்க கத்துறது என் ரூம் வரைக்கும் கேக்குது அண்ணி. தலையணையால காதைப் பொத்திக்கிட்டுப் படுத்திருக்கணுமா? அண்ணனால குனிய முடியல. அவர் குனிய முடியாததுக்குக் காரணமே நான்தான்."

கையுறையாவது போட்டுக்கொள் என்றேன். போட்டிருந்தாளாம், ரப்பர் நாற்றத்துக்குக் குட்டிகள் வாய் வைக்கவில்லையாம். வலது கை விரலைக் குட்டியின் வாயில் கொடுத்துச் சப்பப் பழக்கி, பிறகு மெதுவாகப் புட்டிக் காம்பை நுழைக்க வேண்டும். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம்.

சில குட்டிகளுக்கு உதட்டோரம் கறுப்பாகப் பொருக்கு கட்டியிருந்தது. வாய்ச்சொறி. ஆடு வளர்க்கிற எந்த வீட்டிலும் எந்த வருஷமும் பார்க்கிறதுதான். அதிலொன்று அவளுடைய மோதிர விரலைக் கடித்து லேசாகக் கீறிவிட்டது.

மழை விட்டுக் குட்டிகள் வயலுக்குப் போனபிறகு அந்த இடத்தில் ஒரு கொப்புளம் வந்தது. நடுவில் சிவப்பு, சுற்றி வெள்ளை வளையம். காலையில் நான் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தபோது மேசையில் கையை நீட்டிக் காட்டினாள். பிரிபி விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வாய்ச்சொறிதான். வா, இப்பத்தான் நீ நம்ம குடும்பத்துல சேர்ந்திருக்க."

தன் கைமுட்டியில் சின்ன வயதில் வந்த வட்டத் தழும்பைக் காட்டினார். எனக்கும் கட்டைவிரலில் வந்திருக்கிறது. கத்தரிப்பவர்களுக்கு, கசாப்புத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு, குட்டி வளர்க்கிற பிள்ளைகளுக்கு, யாருக்குத்தான் வரவில்லை? யாரும் அதற்காக டாக்டரிடம் போவதில்லை. ஆறு வாரத்தில் காய்ந்து தானாக உதிர்ந்துவிடும். ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்போம்.

அவளுக்கு உதிரவில்லை. ஆறு வாரம் போய் அக்டோபரும் போனது. கொப்புளம் பழுத்த முசுக்கட்டைப் பழம் மாதிரி புடைத்து, தொட்டால் ரத்தம் கசிந்தது. பிரிபி சிரிப்பை நிறுத்திவிட்டார். வாய்ச்சொறி என்றால் இந்நேரம் உதிர்ந்திருக்க வேண்டும், உதிரவில்லை, ஆகவே இது வாய்ச்சொறி இல்லை என்று அவர்கள் இரண்டு பேரும் முடிவுக்கு வந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தானாகப் போவதுதான் அந்தச் சொறியின் அடையாளம் என்று பிறந்ததிலிருந்து தெரிந்துவைத்திருந்தோம். காவல்காரன் தூங்குகிற உடம்பில் அது போகாது என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நகரத்து ஆஸ்பத்திரிக்கு அண்ணனும் தங்கையும் மட்டும் போனார்கள். எனக்கு அன்று வேலை. திரும்பி வந்தபோது வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் இறங்காமலே உட்கார்ந்திருந்தார்கள். நான் போய்க் கதவைத் திறந்தேன். புற்றுநோயாக இருக்கலாம் என்று தோல் டாக்டர் சொன்னாராம். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தோலில் புற்று வருவது சகஜமாம். மேலாகக் கொஞ்சம் சதை சீவி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்களாம்.

ஆய்வகமும் அதையே சொன்னது. சீவிய துணுக்கில் செல்கள் கண்டபடி வளர்ந்திருந்தன, புற்றின் சாயல் இருந்தது. பரவுவதற்கு முன்னால் விரலை எடுத்துவிடலாம் என்றார்கள். கூடவே, காவல்காரனைக் கொஞ்சம் எழுப்பினால்தான் புற்றை எதிர்க்க முடியும் என்று கிட்னி டாக்டர் மூன்று மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தி, இன்னொன்றைப் பாதியாகக் குறைத்தார். கிட்னியைக் கவனமாகப் பார்த்துக்கொள்வோம் என்றார். உயிரா கிட்னியா என்று வரும்போது வேறென்ன செய்வார்கள்? நாங்கள் நன்றிதான் சொன்னோம்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் விரலை எடுத்தார்கள். உடம்பிலிருந்து எடுத்ததைச் சொந்த மண்ணில் புதைக்கிற எங்கள் வழக்கம் அங்கே தெரியும். எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா என்று அவர்களே கேட்டார்கள். ஆய்வகம் தனக்கு வேண்டிய துண்டுகளை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சின்னப் பெட்டியில் வைத்துத் தந்தது. மேட்டுக் கல்லறையில் அவள் அம்மா தலைமாட்டில் பிரிபி குழி வெட்டினார். குடல் இறங்கிய வயிற்றோடு வேறு யாரையும் மண்வெட்டியைத் தொடவிடவில்லை. பிரார்த்தனை சொல்லி மூடிவிட்டு, வாசல் குழாயில் கையைக் கழுவித் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு இறங்கினோம். "மீதிய மொத்தமா ஒரே தடவைல கொண்டுவாங்க, இப்படித் தவணைல வேணாம்" என்றாள் மெரியானா. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பிரிபி சிரிக்கவில்லை.

ஜனவரியில் தையல் போட்ட இடத்தில் மறுபடி சிவப்பாக ஒன்று முளைத்தது. அப்புறம் அதன் பக்கத்தில் இன்னொன்று. கட்டுப் பிரிக்கும்போது நான்தான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் இப்போது கையைப் பற்றிப் பேசினார்கள். மணிக்கட்டு வரை என்று யாரோ சொன்னது எங்கள் காதில் விழுந்தது. அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மெரியானா தனது வலது கையை மேசைமேல் வைத்து, வேறு யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆய்வகத்தில் வேறொரு டாக்டருக்கு இந்த விஷயம் உறுத்தியிருக்கிறது. புற்று முழுவதையும் எடுத்துவிட்டபிறகு இவ்வளவு சீக்கிரம் முளைக்குமா என்று, எடுத்த விரலின் துண்டுகளை முதலிலிருந்து பார்த்திருக்கிறார். முதலில் சீவியது மேல்தோல்தான். ஆழத்தில் பார்த்தபோது அது புற்றுச் செல் மாதிரி இல்லை, ஏதோ கிருமி புகுந்து ஊதிய செல் மாதிரி இருந்திருக்கிறது. அவர் தோல் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்பினார். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் எங்களை மறுபடி வரச்சொன்னார்கள். இந்தத் தடவை நானும் போனேன்.

தோல் டாக்டர் உயரமான பெண். சுற்றி வளைக்கவில்லை.

"மெரியானா, உங்க வீட்ல ஆடு இருக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க பள்ளத்தாக்குல ஆடு இல்லாத வீடு எது டாக்டர்? ஆகஸ்ட் மழையில தாயில்லாமப் போன குட்டிக்கெல்லாம் இவதானே பால் குடுத்தா" என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினால் அண்ணனும் தங்கையும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"முதல் நாளே கேட்டேனே" என்றார் மெதுவாக. "ஆடு, மாடு, தோட்டவேலை எதுவும் உண்டான்னு. இல்லைன்னு சொன்னீங்க."

மெரியானா ஆமாம் என்று தலையசைத்தாள். "பொய் சொன்னேன்" என்றாள்.

பிறகு டாக்டர் புண்ணிலிருந்து பஞ்சால் ஒற்றியெடுத்துக் குழாயில் போட்டு மூடினார். கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கிற சோதனை; தூரத்து ஆய்வகத்துக்குப் போய் வரவேண்டும். வந்தது. வாய்ச்சொறிதான். ஆர்ஃப் என்று டாக்டர்கள் அதற்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். புற்றே இல்லை. மேல்தோலை மட்டும் பார்த்தால் அது புற்று மாதிரி வேஷம் போடும் என்றும், ஆடு உண்டு என்று தெரிந்திருந்தால் முதலிலேயே இந்தச் சோதனைக்கு அனுப்பியிருப்பேன் என்றும், தெரியாவிட்டாலும் தனக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்றும் அந்த அம்மாள் சொன்னார். விரலை எடுத்திருக்கவே வேண்டியதில்லை என்று, எங்கள் முகத்தைப் பார்த்தே சொன்னார். மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்த வலியை எங்கேயாவது இறக்கிவைக்க ஒரு இடம் கிடைத்திருக்கும்.

புற்று இல்லை என்பதை நினைத்துச் சந்தோஷப்படவும் விடவில்லை. அதே வாரம் எடுத்த ரத்தத்தில், கிட்னி வெளியேற்றாமல் விட்ட கசடின் அளவு ஏறியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. புற்றுக்குப் பயந்து மாத்திரையைக் கூட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காவல்காரன் எழுந்துவிட்டான். எழுந்தவன் சொறியை மட்டுமா அடிப்பான்? அண்ணனுடைய கிட்னியையும் அடித்துக்கொண்டிருந்தான். பழைய மாத்திரையைத் திரும்பக் கொடுத்தார்கள். ஊசி போட்டார்கள். பலமான மருந்தாகப் போட்டால் புண் மறுபடி பெருகுமோ என்று அதற்கும் தயங்க வேண்டியிருந்தது. புண்ணுக்கு ஒரு களிம்பும் தந்தார்கள்.

ஏப்ரலில் புண் காய்ந்து, பொருக்காகி, பிரிபி சொன்ன மாதிரியே தானாக உதிர்ந்தது. கீழே இளஞ்சிவப்பாக நல்ல தோல். மே மாதம் கிட்னி நின்றுவிட்டது.

நின்றுபோன கிட்னியை வெளியே எடுக்கவில்லை. தொந்தரவு கொடுக்காதவரை உள்ளேயே இருக்கட்டும், சுருங்கிப்போகும் என்றார்கள். அவள் வயிற்றின் வலப்பக்கம் தொட்டால் கட்டியாகத் தெரியும். அங்கே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பல தடவை பார்த்தேன்.

மறுபடி மெஷினுக்குப் போகத் தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு நாள் மத்தியானம், மூன்று பேரும் சமையலறையில் இருந்தோம். பிரிபி டீக்குச் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் கலக்குவார்?

"ஏன் இல்லைன்னு சொன்ன?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்கிற மாதிரி கேட்டார்.

அவள் கை வயிற்றின் வலப்பக்கம் போனது. பிறகு, "நீ பக்கத்துல உக்காந்திருந்தியே அண்ணே" என்றாள். "கொட்டகைக்குப் போகாதேன்னு அவங்க சொன்னப்பவும் நீ பக்கத்துலதான் இருந்த. போனேன்னு சொன்னா, நீ என்னை வேலைக்கு அனுப்பினன்னு நினைப்பாங்க. கிட்னியும் குடுத்துட்டு, அந்தப் பேரும் உனக்கு வேணுமா? அதோட அது வாய்ச்சொறி இல்லைன்னு நாமதானே முடிவு பண்ணினோம். சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு நினைச்சேன்."

பிரிபி டம்ளரைத் தள்ளிவைத்தார்.

"எனக்கு நாக்கு வரைக்கும் வந்துச்சு" என்றார். "ஆமா டாக்டர், குட்டிக்குப் பால் குடுத்தான்னு. நீ இல்லைன்னு சொல்லிட்ட. அந்தம்மா முன்னாடி என் தங்கச்சியப் பொய்க்காரி ஆக்க எனக்கு மனசு வரல."

"சொல்லியிருக்கலாம் அண்ணே."

"சொல்லியிருக்கலாம்."

"உன் கிட்னியக் கொன்னுட்டேன்."

"அது உன்னுது. குடுத்தா உன்னுதுதான். ஆட்டுக்குட்டி என்னுது."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் நான் நடுவில் புகுந்து சமாதானம் பண்ணியிருப்பேன். அவரவர் குற்றத்தை அவரவர் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர் தொடக்கூட விடவில்லை. அதற்கு நான் என்ன செய்ய? எழுந்து பாத்திரம் கழுவினேன்.

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு குறைந்தது. சண்டை இல்லை. அவர் வீட்டுக்குள் வந்தால் அவள் அறைக்குப் போய்விடுவாள். அவள் சாப்பிட உட்கார்ந்தால் அவருக்கு வெளியே ஏதாவது வேலி சரிபண்ண வேண்டியிருக்கும். அவள் முகத்தில் சாம்பல் திரும்பப் பூத்தது. அது அவருக்குப் பார்க்க முடியவில்லை. அவர் குனியும்போது முகம் சுருங்குவது அவளுக்குப் பார்க்க முடியவில்லை. இன்னொரு கிட்னிக்கு வரிசையில் சேரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வேறு ஆளுக்குக் கொடுங்கள், எனக்குக் கொடுத்ததை நான் பார்த்துக்கொண்ட லட்சணம் போதும் என்றுவிட்டாள். சொந்தக்காரர்கள் மாறி மாறி வந்து பேசினார்கள். பெரியம்மா அழுதாள். அவள் மனசு மாறவில்லை.

குளிர் முடிவதற்குள் ஹேஸ்டிங்ஸிலேயே மெஷினுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். சாலைப் பயணம் மிச்சம் என்றாள். அது உண்மையும்தான்.

அந்த ஆகஸ்டில் பெரிய மழை இல்லை. ஆனாலும் எந்த வருஷமும் சில குட்டிகள் தாயில்லாமல் போகும். பிரிபி அவற்றைக் கொட்டகைக்குக் கொண்டுவரவில்லை. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போவார். நான் சமையலறையில் நிற்கும்போது சத்தம் கேட்கும். பள்ளத்தாக்குச் சிறுபிள்ளைகள் வந்து வளர்க்கக் குட்டி கேட்டபோதும் இல்லை என்று அனுப்பிவிட்டார். அடுத்த வருஷத்தோடு ஆடு வேண்டாம், வயலைப் பைன் மரம் நடுகிறவர்களுக்கு விட்டுவிடலாம் என்கிறார்.

மெரியானாவைப் பார்க்க அவ்வப்போது போகிறோம். எலும்பும் கீரையும் போட்டு வேகவைத்த கறி என்றால் அவளுக்கு உயிர். மெஷினுக்குப் போகிறவளுக்கு இப்போது கீரையும் ஆகாது, உருளைக்கிழங்கை இரண்டு தண்ணீரில் வேகவைத்துக் கொட்டவேண்டும், உப்பு கூடாது. போன தடவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோனேன். வீடு சுத்தமாக, பொருளே இல்லாமல் இருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டாள். நாலு விரல் கையில் கரண்டியைப் பிடிக்க நன்றாகவே பழகியிருந்தாள். முதியோர் இல்லத்துக் கதைகளைச் சொன்னேன். ஒரு கிழவர் என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கேட்டதைச் சொன்னபோது மட்டும் லேசாகச் சிரித்தாள்.

"அண்ணன் வரலையா?" என்று கேட்டாள்.

"கீழ வண்டில இருக்கார்."

எழுந்து ஜன்னலுக்குப் போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. வண்டியின் கண்ணாடியில் ஆவி படிந்து உள்ளே உட்கார்ந்திருப்பவர் முகம் தெரியவில்லை. வா, கூப்பிடலாம் என்றேன். தலையசைத்து வேண்டாம் என்றாள். போகும்போது படிக்கட்டு வழுக்கும், பார்த்துப் போங்கள் என்றாள்.

நான் கீழே வந்து வண்டியில் ஏறினேன். பாத்திரத்தைக் காலடியில் வைத்தேன். அவர் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"எப்படி இருக்கா?"

"இருக்கா" என்றேன்.

வண்டியைக் கிளப்பினார்.